சால்மன் பண்ணையால் ஊருக்கு என்ன கிடைக்கும்? மலையகத்தில் இருந்து ஒரு கணக்கு

நோர்வேயில் கடலுக்குள் வட்ட வட்டமாகக் கூண்டு போட்டு மீன் வளர்க்கும் வீடியோக்கள் கொஞ்ச காலமாக நம் பக்கத்துப் போன்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஹட்டன் பஸ்ஸிலும் டீக்கடையிலும் அதைப் பற்றிய பேச்சும் கூடவே சுற்றுகிறது. "அங்கே ஒரு தீவையே மீன் தூக்கிவிட்டிருச்சு. நமக்கும் நீர்த்தேக்கம் என்று காசல்ரீ இருக்கு, மவுசாகலை இருக்கு, ஒரு கம்பனி வந்தால் போதும்" என்பார் ஒருவர். "கம்பனி வந்தால் கம்பனிக்காரன்தான் சம்பாதிப்பான், தேயிலையில் பார்க்காததா?" என்பார் பக்கத்தில் இருப்பவர். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி பாதி சரி இருக்கிறது. ஆனால் இரண்டு பேரும் மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள். மீனின் விலை ஒன்று, கம்பனியின் இலாபம் ஒன்று, ஊரின் வருமானம் ஒன்று. முதலாவது உயர்ந்தால் மூன்றாவதும் தானாக உயரும் என்று எந்தச் சட்டமும் இல்லை. உயர்ந்த ஊர்களும் உண்டு, ஏமாந்த ஊர்களும் உண்டு. எங்கே, எப்படி என்பதை அடியில் இருந்து பார்ப்போம். பொருளியல் படித்திருக்கத் தேவையில்லை.

எந்த மீன், எந்தத் தண்ணீர்

சால்மன் ஆற்றில் பிறந்து கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடி ஆற்றுக்கு வரும் மீன். பண்ணைகளில் வளர்ப்பது பெரும்பாலும் அத்திலாந்திக் சால்மன். தரையில் உள்ள நன்னீர்த் தொட்டிகளில் முட்டை பொரிக்கவைத்து, குஞ்சுகளை ஓர் ஆண்டளவு வளர்த்து, பிறகு கடல் கூண்டுக்கு மாற்றுவார்கள். அங்கே ஒன்று முதல் இரண்டு ஆண்டுகளில் நாலைந்து கிலோ எடைக்கு வரும். அதற்குக் குளிர்ந்த கடல் வேண்டும், ஏறக்குறைய 8 முதல் 14 பாகை செல்சியஸ். காற்றும் அலையும் அடித்து நொறுக்காத ஒதுக்கமான குடாக்களும் வேண்டும். அதனால்தான் நோர்வே, சிலி, ஸ்கொட்லாந்து, பரோ தீவுகள், கனடா, அவுஸ்திரேலியாவின் தஸ்மேனியா என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் இந்தத் தொழில் இருக்கிறது. நோர்வே மட்டும் ஆண்டுக்கு ஏறக்குறைய 15 இலட்சம் தொன் விளைவிக்கிறது. உலகில் வளர்க்கப்படும் அத்திலாந்திக் சால்மனில் பாதிக்கு மேல் அதுதான்.

ஆக, காசல்ரீயில் சால்மன் என்ற பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். தண்ணீர் நன்னீர், சூடும் அதிகம். அதன் உறவுக்கார மீன் ஒன்று மட்டும் நம்மிடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைக்காரத் துரைமார் தூண்டில் பொழுதுபோக்குக்காக நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட். (கடையில் செமன் டின் என்று வாங்குகிறோமே, அதற்குள் இருப்பது பெரும்பாலும் கானாங்கெளுத்தி வகை மீன். அதைச் சாப்பிட்டுவிட்டு சால்மனின் ருசி தெரியும் என்று சொல்லிவிடக் கூடாது.)

பிறகு எதற்கு சால்மனைப் பற்றி எழுத வேண்டும்? மீன் வளர்ப்பு ஒரு பின்தங்கிய ஊரை என்ன செய்யும் என்பதற்கு ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட தெளிவான உதாரணம் அதில் இருக்கிறது. நல்லதும் தெரிகிறது, கெட்டதும் தெரிகிறது.

சம்பள நாளில் இருந்து தொடங்குவோம்

தோட்டத்தில் சம்பளம் கொடுத்த அன்று சாயந்தரம் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கையில் காசு வருகிறது. முதலில் கடைக் கொப்பியில் இருக்கும் கடன் அடைபடும். அரிசி, மா, பருப்பு, எண்ணெய், பிள்ளையின் சப்பாத்து என்று போகும். அந்தக் கடைக்காரர் நம் ஆள்தான். ஆனால் பருப்புக்குக் கொடுத்த காசில் அவர் கையில் நிற்பது அவருடைய சின்ன இலாபம் மட்டும். மிச்சம் ஹட்டன் மொத்த வியாபாரிக்கு, அங்கிருந்து கொழும்பு புறக்கோட்டைக்கு, அங்கிருந்து பருப்பு விளைந்த கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ போய்விடுகிறது. அதே நாளில் மேல் லயத்து (லயம் என்பது தோட்டத்து வரிசை வீடுகள்) அக்காவிடம் இரண்டு போத்தல் பால் வாங்கினால் கதை வேறு. அந்தக் காசில் அவர் கீழ் லயத்துத் தம்பியின் ஆட்டோவில் டவுனுக்குப் போவார். அந்தத் தம்பி ஊர் சலூனில் முடி வெட்டிக்கொள்வார். அதே ஐந்நூறு ரூபா மூன்று வீடுகளில் வருமானமாகிவிட்டது.

இதில் இரண்டு சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வந்த காசு வெளியே போவதற்குப் பெயர் கசிவு. உள்ளேயே கை மாறி மாறி, வந்ததைவிட அதிக வருமானத்தை உண்டாக்குவதற்குப் பெயர் பெருக்கி விளைவு.

கணக்கு சுலபம். வெளியில் இருந்து ஊருக்கு 100 ரூபா வருகிறது என்று வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் 80 ரூபா பங்கு வெளியே கசிகிறது, 20 பங்குதான் உள்ளே செலவாகிறது. முதல் சுற்றில் 100, அடுத்து 20, அடுத்து 4, அப்புறம் சில்லறை. மொத்தம் 125. இன்னோர் ஊரில் 40 பங்குதான் கசிகிறது. அங்கே 100, 60, 36 என்று ஓடி மொத்தம் 250 வரும். வந்த தொகை ஒன்றுதான், ஊர் பெற்ற வருமானம் இரு மடங்கு. இந்த எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. நிஜத்தில் ஊருக்கு ஊர் மாறும்.

சுருக்கமாக: ஒரு தொழிலால் ஊருக்கு என்ன இலாபம் என்று அறிய, அந்தத் தொழிலின் மொத்த வருமானத்தைப் பார்த்தால் போதாது. எவ்வளவு ஊருக்குள் நுழைகிறது, நுழைந்ததில் எவ்வளவு தங்குகிறது என்று இரண்டையும் பார்க்க வேண்டும்.

ஒரு கூண்டுக்குள் எட்டிப் பார்த்தால்

இனி பண்ணைக்குப் போவோம். நோர்வேயில் ஒரு கூண்டில் சட்டப்படி 2 இலட்சம் மீன் வரை விடலாம். ஆளுக்கு நாலு கிலோ என்று போட்டால் 800 தொன். இப்படிப் பல கூண்டுகள் கொண்ட ஒரு பண்ணையைப் பார்த்துக்கொள்ளச் சில பேர் போதும். தீவனம் குழாய் வழியே காற்றழுத்தத்தில் பாய்கிறது. மீன் பசியோடு இருக்கிறதா, போதும் என்று ஒதுங்குகிறதா என்பதைத் தண்ணீருக்கடியில் உள்ள கமரா காட்டுகிறது. கரையில் ஓர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒருவர் தீவனத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். மலை முழுக்க ஆள் நின்று கொழுந்து பறிக்கும் தொழிலோடு பழகிய நமக்கு இது அதிர்ச்சியாகவே இருக்கும். "பண்ணை வந்தால் ஆயிரம் பேருக்கு வேலை" என்று யாராவது சொன்னால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான். கூண்டில் வேலை குறைவு. வேலை அதைச் சுற்றித்தான் இருக்கிறது.

செலவில் பெரியது தீவனம். சால்மன் வளர்ப்புச் செலவில் ஏறக்குறைய பாதியை அதுவே விழுங்குகிறது. ஒரு கிலோ மீன் எடை கூட எத்தனை கிலோ தீவனம் வேண்டும் என்பதை தீவன மாற்று விகிதம் என்பார்கள். சால்மனுக்கு அது 1.2 அளவில் இருக்கிறது. மாட்டோடு ஒப்பிட்டால் பல மடங்கு சிக்கனம், அதனால்தான் தொழில் கட்டுப்படியாகிறது. ஆனால் அந்தத் தீவனம் எதில் செய்தது? பிரேசில் சோயா, பெரு போன்ற நாடுகளின் மீன்தூள், ஐரோப்பாவின் தாவர எண்ணெய். ஊர்க் கணக்கில் பார்த்தால் செலவான பணத்தில் பெரும் பகுதி வந்த வேகத்தில் கடல் கடந்துவிடுகிறது.

அடுத்தது பதனிடல். மீனைக் கொன்று, குடல் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டியில் அடைக்கும் வேலை பண்ணைக்குப் பக்கத்தில் நடக்கும். தோல் உரித்து, முள் எடுத்து, துண்டு போட்டு, புகையூட்டும் வேலைக்கு ஆள் அதிகம் வேண்டும். அதில் கணிசமான பங்கு கூலி குறைந்த போலந்துக்குப் போய்விடுகிறது. நோர்வே மீன் போலந்தில் துண்டாகி ஜெர்மன் கடைக்குப் போகிறது. அதிக வேலை உள்ள கட்டம் எந்த ஊரில் நடக்கிறதோ அந்த ஊர் கூலியைப் பெறுகிறது.

இவ்வளவு ஓட்டை இருந்தும் நோர்வேயின் கரையோர ஊர்கள் செழித்தன. எப்படி?

தொடக்கத்தில் பண்ணை யாருடையது

1970இல் ஹிட்ரா என்ற தீவில் குரோன்ட்வெட் சகோதரர்கள் இருவர் கடலில் மிதக்கும் கூண்டில் சால்மன் குஞ்சுகளை விட்டுப் பார்த்தார்கள், வெற்றி கண்டார்கள். கரையோரத்தில் மீனவர்களும் சிறு விவசாயிகளும் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம் அது. 1973இல் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பண்ணை போட உரிமம் வேண்டும். உரிமம் கொடுக்கும்போது சிறிய, உள்ளூர் உரிமையாளர்களுக்கே முன்னிடம் தரப்பட்டது. ஒரு பெரும் கம்பனி வந்து கரை முழுவதையும் வளைத்துப்போட முடியவில்லை.

நம் கசிவுக் கணக்கில் இதை வைத்துப் பாருங்கள். கூலி மட்டுமல்ல, இலாபமும் ஊரிலேயே தங்கியது. பண்ணைக்காரர் அதே ஊரில் வீடு கட்டினார், அதே ஊர்த் தச்சருக்குக் கூலி கொடுத்தார். வலை தைப்பவர், படகு பழுது பார்ப்பவர், மீன் மருத்துவர், சுழியோடி, கூண்டு செய்யும் பட்டறை என்று சுற்றிலும் தொழில் முளைத்தது. பண்ணையில் வேலை செய்பவர் பெறுவது நேரடி வருமானம். வலைக்காரரும் பட்டறைக்காரரும் பெறுவது மறைமுக வருமானம். இந்த இரண்டு கூட்டமும் கடையிலும் சலூனிலும் செலவழிக்கும்போது உண்டாவது தூண்டப்பட்ட வருமானம். "பண்ணையால் இத்தனை ஆயிரம் வேலை" என்ற அறிக்கைகளில் மூன்றையும் கூட்டியே எண்ணைக் காட்டுவார்கள். கூட்டுவதில் தப்பில்லை. ஆனால் மூன்றாவது வகை ஊகத்தின் மேல் ஊகம், அதைப் பெருக்கிக் காட்டுவது மிகச் சுலபம்.

இந்த ஏற்பாடு நிரந்தரமாக நிற்கவில்லை. மீன் மிதமிஞ்சி விளைந்து விலை சரிந்தது. பண்ணைக்காரர்களின் விற்பனை அமைப்பு 1991இல் திவாலானது. அதே ஆண்டு உரிமைக் கட்டுப்பாடும் தளர்ந்தது. பிறகு பெரிய மீன் சின்ன மீனை விழுங்கிய கதைதான். இன்று பெரும் பகுதி ஒஸ்லோ பங்குச் சந்தையில் இருக்கும் சில கம்பனிகளின் கையில். இலாபத்தின் பெரும் பங்கு பங்குதாரர்களுக்குப் போகிறது. சில கம்பனிகள் மட்டும் தலைமையகத்தைப் பழைய ஊரிலேயே வைத்திருக்கின்றன. ஹிட்ராவுக்குப் பக்கத்துத் தீவான புரோயாவில் இருக்கும் சல்மார் அதில் ஒன்று. மக்கள்தொகை தேய்ந்துகொண்டு போன கரையோரத்தில் புரோயாவில் ஆட்கள் கூடியது சும்மா இல்லை.

கூடிய ஆட்களில் பலர் லித்துவேனியா, போலந்து போன்ற நாடுகளில் இருந்து வந்தவர்கள். உள்ளூர் வேலைவாய்ப்பு என்றால் உள்ளூர்க்காரருக்கு வேலை என்று நினைக்கிறோம், அப்படி இருக்க வேண்டியதில்லை. குடும்பத்தோடு குடியேறியவர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவார், மூடப்போன பள்ளி மூடாமல் நிற்கும். தனியாக வந்து தங்கி வேலை செய்பவர் சம்பளத்தை வீட்டுக்கு அனுப்புவார். 1980களின் பிற்பகுதியில் வட நோர்வேயின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த ஈழத்தமிழர்களும் இதைத்தானே செய்தார்கள்? அது சால்மன் தொழில் அல்ல, கடலில் பிடித்த மீனைப் பதனிடும் வேலை. ஆனாலும் கணக்கு அதே கணக்கு. அந்தக் கரையோர ஊருக்குக் கசிவு, யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வருமானம்.

கடலுக்கு வாடகை யார் தருவது

இலாபம் வெளியே போகத் தொடங்கியதும் நோர்வேக்காரர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். இந்தத் தொழிலில் எல்லாச் செலவும் போய், நியாயமான இலாபமும் போய், அதற்கு மேலும் நிறைய மிஞ்சுகிறது. அது எங்கிருந்து வருகிறது? கம்பனியின் திறமை ஒரு பங்கு. ஆனால் ஒதுக்கமான, குளிர்ந்த, சுத்தமான குடா இல்லாவிட்டால் அந்தத் திறமையை வைத்து என்ன செய்வது? அந்தக் குடாவோ பொதுச் சொத்து. அதிலும் உரிமங்களின் எண்ணிக்கையை அரசே மட்டுப்படுத்தி வைத்திருப்பதால், உரிமம் கிடைத்தவருக்கு மற்றவர் போட்டிக்கு வர முடியாத வசதி. இயற்கையும் அரசின் கட்டுப்பாடும் சேர்ந்து தருகிற இந்த அதிகப்படியான மிச்சத்துக்குத்தான் வள வாடகை என்று பெயர்.

முதலில் ஒரு நிதியம் அமைத்தார்கள். புதிய உற்பத்தி அனுமதிகளை விற்று வரும் பணத்தில் ஒரு பங்கு அதில் சேரும். பண்ணைக்கு இடம் கொடுத்த நகராட்சிகளுக்கும் மாவட்டங்களுக்கும் அங்கிருந்து பணம் போகும். 2017இல் முதல் கொடுப்பனவு நடந்தது. அடுத்து 2022 செப்டெம்பரில், சால்மன் வளர்ப்பின் வள வாடகைக்கு 40 வீதம் வரி போடப்போவதாக அரசு அறிவித்தது. கம்பனிகளின் பங்கு விலை அன்றே சரிந்தது. நீண்ட சண்டைக்குப் பிறகு 25 வீதத்தில் முடிவாகி, 2023 முதல் நடைமுறைக்கு வந்தது. முதலீடு போய்விடும், ஊர் கெட்டுவிடும் என்று கம்பனிகள் சொன்ன வாதம் நாம் கேட்டுப் பழகியதுதான். சம்பள உயர்வு கேட்கும்போதெல்லாம் காதில் விழுகிறதே. அதற்காக அந்த வாதம் எப்போதும் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. வரி எந்த அளவைத் தாண்டினால் முதலீடு நிற்கும் என்பது உண்மையான கேள்வி. அளவு பற்றித்தான் அவர்கள் பேரம் பேசினார்கள்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பண்ணையில் இருந்து ஊருக்குப் பணம் வர மூன்று வாசல்கள் இருக்கின்றன. ஒன்று கூலி. இரண்டு, உரிமையாளர் உள்ளூர்க்காரர் என்றால் இலாபம். மூன்று, சட்டம் இருந்தால் வாடகை. இரண்டாவது வாசல் மூடிவந்தபோது நோர்வே மூன்றாவதைத் திறந்தது.

சிலியின் பாடம்

சிலியின் தென்பகுதியில், புவேர்ட்டோ மொன்ட் நகரிலும் சிலோவே தீவிலும், 1980களில் இருந்து சால்மன் தொழில் மடமடவென்று வளர்ந்தது. வறிய பகுதி. முன்பு விவசாயமும் சிப்பி பொறுக்கலும் செய்தவர்கள், அதில் பெண்கள் நிறையப் பேர், பதனிடும் ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். மாதாமாதம் கையில் சம்பளம். அது சின்ன விஷயமல்ல.

2007இல் சால்மனுக்கு வரும் இரத்தச்சோகை வைரஸ் நோய் பரவியது. கூண்டுகள் ஒன்றையொன்று ஒட்டி நெருக்கமாக இருந்ததால் நோய் தாவித் தாவிப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் அத்திலாந்திக் சால்மன் உற்பத்தி பாதிக்கும் கீழே விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். நிலத்தை விட்டு ஆலைக்குப் போனவர்களுக்குத் திரும்ப ஒரு தொழில் இல்லை. 2016இல் நச்சுப் பாசி பெருகி ஏறக்குறைய 40,000 தொன் மீன் செத்தது. அதே ஆண்டு சிலோவேயில் கடற்கரையே சிவப்புப் பாசியால் முடங்கியபோது மீனவர்கள் வீதிகளை மறித்தார்கள்.

இங்கே இன்னொரு சொல் தேவைப்படுகிறது: புறச்செலவு. தொழில் செய்பவர் உண்டாக்கி, பக்கத்தில் இருப்பவர் சுமக்கும் செலவு. திறந்த கூண்டின் கழிவும் மிஞ்சிய தீவனமும் கடலடியில் படிகின்றன. கூண்டில் பெருகும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணி, ஆற்றுக்குப் போகும் காட்டு சால்மனைப் பிடிக்கிறது. தப்பி ஓடும் பண்ணை மீன் காட்டு மீனோடு கலக்கிறது. ஆற்று மீனையும் தூண்டில் பயணிகளையும் நம்பி இருக்கும் ஊருக்கு அது நட்டம், கம்பனியின் கணக்கில் அது வராது. 2017இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பண்ணை உடைந்து மீன் தப்பியது. அடுத்த ஆண்டே அந்த மாநிலம் அத்திலாந்திக் சால்மன் கூண்டுகளை ஒழிக்கச் சட்டம் போட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2029க்குள் திறந்த கூண்டுகளை நிறுத்துவதாக அரசு அறிவித்திருக்கிறது. அங்கே பூர்வகுடி மக்களே இரண்டு அணியாக நிற்கிறார்கள். சிலருக்கு அது வருமானம், சிலருக்கு அது ஆற்றின் சாவு.

அதே கணக்கைத் தேயிலையில் போட்டால்

நமக்கு இதைப் புரிந்துகொள்ள நோர்வே வரை போகத் தேவையே இல்லை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டதில் இருந்து இந்த மலை ஏற்றுமதி செய்துகொண்டுதான் இருக்கிறது. மூன்று வாசலில் நமக்குத் திறந்தது ஒன்று. கூலி. அதிலும் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போட்டுக் குறைத்தார்கள். ஒரு நாள் சம்பளம் 1000 ரூபா ஆவதற்கு 2021 வர்த்தமானி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இலாப வாசல் முதலில் லண்டனில், பிறகு கொழும்பில். நிலம் அரசுடையது, 1990களில் இருந்து குத்தகை கம்பனிகளுடையது, அதில் ஐந்து தலைமுறை வேலை செய்தவருக்கு லயத்து அறைக்குக்கூட உறுதிப் பத்திரம் இல்லை. வாடகை வாசலில் தோட்டத்து மக்களின் பெயர் எழுதப்படவே இல்லை. இதையெல்லாம் கோபத்துக்காகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். ஏற்றுமதித் தொகை பெரிதாக இருந்தும் ஊர் ஏன் ஏழையாக இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

நம் தண்ணீரில் என்ன நடக்கலாம்

மலையகத்து நீர்த்தேக்கங்களுக்குப் பொருந்தும் மீன்கள் திலாப்பியாவும் கெண்டை வகைகளும். திலாப்பியா 1952இல் இலங்கைக்கு வந்தது. நன்னீர் மீன்பிடிக்கு அரசு கொடுத்துவந்த ஆதரவு 1990இல் நிறுத்தப்பட்டு, 1994இல் மறுபடி வந்தது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, சுருக்கமாக நாக்டா, இப்போது நீர்த்தேக்கங்களில் குஞ்சுகளை விடுகிறது.

குஞ்சை விரல் நீளத்துக்கு வளர்த்து நீர்த்தேக்கத்தில் விட்டுவிட்டு, சில மாதங்கள் கழித்துப் பெரிதானதும் வலை போட்டுப் பிடிப்பார்கள். இடையில் யாரும் தீவனம் போடுவதில்லை. தண்ணீரில் இருக்கும் பாசியையும் நுண்ணுயிரையும் தின்று மீன் வளர்கிறது. சால்மனில் பாதிச் செலவை விழுங்கும் அந்தத் தீவனக் கசிவு இங்கே இல்லவே இல்லை. விளைச்சலும் விலையும் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். சால்மன் ஏற்றுமதியால் நோர்வேக்கு ஆண்டுக்கு 100 பில்லியன் குரோனருக்கு மேல் வருகிறது, நம் கெண்டை ஹட்டன் சந்தையைத் தாண்டாது. ஆனால் குஞ்சு, வலை, தோணி போக மிச்சம் எல்லாம் பிடித்தவர் கையில் நிற்கிறது. மோட்டார் சைக்கிளில் ரெஜிபோம் பெட்டி கட்டி லயம் லயமாக விற்பவரும் ஊர்க்காரர்தான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வெளியில் இருந்து காசு கொண்டுவருவது மட்டும் நன்மை அல்ல, வெளியே போகும் காசை நிறுத்துவதும் நன்மை. இன்று தோட்டத்தில் மீனுக்கும் கருவாட்டுக்கும் டின்னுக்கும் செலவாகும் காசு கரையோரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. அதில் ஒரு பங்கு நோர்வூட்டிலோ மஸ்கெலியாவிலோ பிடித்த மீனுக்குப் போனால், ஒரு ரூபாகூட ஏற்றுமதி செய்யாமல் ஊரின் பெருக்கி உயரும். சாப்பாட்டுப் பக்கமும் உண்டு. 2016 மக்கள்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17 வீதம், தோட்டப் புறத்தில் ஏறக்குறைய 32 வீதம். மலிவான புது மீன் மட்டும் தனியாக அந்த இடைவெளியை அடைத்துவிடாது. ஆனாலும் தட்டில் அது இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

தடைகளும் சின்னவை அல்ல. காசல்ரீயும் மவுசாகலையும் முதலில் மின்சாரத்துக்கானவை. மின்சாரம் எடுக்க எடுக்க மட்டம் இறங்கும், வறட்சியில் கரை வெடித்துக் கிடக்கும். அந்த மட்டத்தை முடிவு செய்வது மீன்பிடிச் சங்கம் அல்ல. மேட்டில் அடிக்கும் மருந்தும் போடும் உரமும் மழையோடு கீழே வருகின்றன. இங்கே தேயிலையின் புறச்செலவை மீன் சுமக்கிறது. தீவனம் போட்டு வளர்க்கும் கூண்டுகளை நிறைய இறக்கினால் அழுக்கு எதிர்ப்பக்கமாகப் போகும், கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்கள் சுமப்பார்கள். லயத்துக்குப் பின்னால் குளம் வெட்டலாமே என்றால் நிலம் யாருடையது என்ற பழைய இடத்தில் போய் முட்டுகிறோம்.

சரி, ட்ரவுட்? குளிர்ந்த, ஓடும், பிராணவாயு நிறைந்த தண்ணீர் அதற்கு வேண்டும், நுவரெலியா உயரத்தில் அது கிடைக்கும். புரதம் நிறைந்த தீவனமும் வேண்டும், அது வெளியில் இருந்துதான் வர வேண்டும். வாங்குபவர் ஹோட்டல். பார்க்க சால்மன் மாதிரியே பளபளப்பான தொழில், கசிவும் சால்மன் மாதிரியே. ஒரு முதலாளிக்கு நல்ல வியாபாரம் ஆகலாம். ஊருக்கென்று பார்த்தால் நான் கெண்டை பக்கமே நிற்பேன்.

யாராவது திட்டத்தோடு வந்தால்

அரசு சார்பிலோ கம்பனி சார்பிலோ ஒருவர் படம் போட்ட அறிக்கையோடு வந்து கூட்டம் கூட்டினால், எத்தனை தொன், எத்தனை மில்லியன் என்று அவரே சொல்லிவிடுவார். அதைக் கேட்க வேண்டியதில்லை. குஞ்சு எங்கிருந்து வருகிறது, அதை இங்கேயே ஒரு தொட்டி கட்டி வளர்க்க முடியாதா என்று கேளுங்கள். தண்ணீருக்கான அனுமதி சங்கத்தின் பெயரிலா, தனி ஆளின் பெயரிலா, எத்தனை ஆண்டுக்கு? சங்கத்தில் பெண்கள் உறுப்பினரா, இல்லை மீன் சுத்தம் செய்யும் கூலிக்கு மட்டுமா? மட்டம் இறங்கி மீன் செத்தால் நட்டம் யாருக்கு? சிலியில் நடந்தது போல எல்லாரும் பழைய வேலையை விட்டுவிட்டு இதில் இறங்க வேண்டுமா, இல்லை பக்கத் தொழிலாக வைத்துக்கொள்ளலாமா?

அப்புறம் ஐஸ் பற்றிக் கேளுங்கள். இதை யாரும் கேட்பதில்லை. காலை ஆறு மணிக்கு வலையில் இருந்து எடுத்த மீனைப் பத்து மணிக்குள் விற்காவிட்டால் கெட்டுப்போகும் என்ற நிலையில் இருக்கும் சங்கத்துக்கு விலை பேச வாய் இருக்காது. டவுனில் இருந்து வரும் வியாபாரி சொன்னதுதான் விலை. குளிர்பெட்டியும் ஐஸும் சங்கத்தின் கையில் இருந்தால் அவர் நாளைக்கு வரட்டும் என்று சொல்லலாம். அறிக்கையில் கூண்டு எத்தனை, படகு எத்தனை என்ற பக்கத்துக்கு முன்னால், குளிர்பெட்டி யாருடைய கொட்டிலில் வைக்கப்படும், அதன் கரண்ட் பில் யார் பெயரில் வரும் என்று எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.